அயலுறுப்பை உடல் ஏற்குமா?



தனக்கு உரியது எது, அயலானது எது என்று நம் உடல் எவ்வாறு அறிகிறது? இவ்வினாவைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். கேட்பதற்கு இது தத்துவ விசாரம் போலத் தோன்றலாம். ஆனால் பிறருடைய சிறுநீரகத்தைப் பெற்று வாழும் ஒவ்வொருவருக்கும் இதன் விடை உயிரோடு பிணைந்தது.

1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில், ஜோசப் மர்ரே என்னும் அறுவை மருத்துவரின் குழுவினர் ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தினர். பெற்றவர் அதன்பின் எட்டாண்டுகள் வாழ்ந்தார். இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்தவர்கள். ஆகவே உடல் அவ்வுறுப்பை அயலானதாகக் கருதவில்லை. ஏனையோருக்கு இப்பேறு வாய்ப்பதில்லை.

ஏன் வாய்ப்பதில்லை? இதற்குரிய விளக்கத்தின் தொடக்கத்தை 1943இலேயே கிளாஸ்கோ நகரில் தாமஸ் கிப்சன், பீட்டர் மெடவர் என்னும் இருவர் கண்டனர். தீப்புண் பட்டவருக்கு ஒட்டிய பிறர் தோல் சில நாள் தங்கிப் பின் அழிந்தது. அதே மனிதரிடமிருந்து எடுத்து மறுமுறை ஒட்டிய தோலோ, முன்னதைவிட விரைவில் அழிந்தது. அம்மை கண்டவர் உடல் அந்நோய்க் கிருமியை நினைவில் வைத்திருப்பது போல, அயல் தோலையும் உடல் நினைவில் வைத்திருந்தது! கிருமியை எதிர்க்கும் படையே உறுப்பையும் எதிர்க்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

அப்படையில் முதன்மையானவை டி உயிரணுக்கள். தைமஸ் என்னும் சுரப்பியில் பயில்வதால் அவற்றுக்கு அப்பெயர். சொந்த உடலையே தாக்கக்கூடியவற்றுள் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. தேறியவை உடலெங்கும் உலவி, பிற உயிரணுக்கள் மேற்பரப்பில் ஏந்தி நிற்கும் அடையாளப் புரதங்களைத் தொட்டுப் பார்க்கின்றன. பூட்டுக்குச் சாவிபோல் ஒன்று பொருந்தினால், முதற் செய்தி பிறக்கிறது.

அது மட்டும் போதுமா? போதாது. ஒரு கை தட்டினால் ஓசை எழாது அல்லவா? டி உயிரணுவின் மேலுள்ள சி.டி.28 என்னும் புரதத்தை, எதிரேயுள்ள உயிரணுவின் பி7 என்னும் புரதம் தொடவேண்டும். இதுவே இரண்டாம் செய்தி. கிருமியோ காயமோ நேர்ந்தால்தான் பி7 மிகுதியாகத் தோன்றும். இரு செய்திகளும் சேர்ந்தால், உயிரணுவினுள் கால்சியம் பெருகிக் கால்சினியூரின் என்னும் நொதியை எழுப்புகிறது. அதன் விளைவாக இன்டர்லூக்கின்-2 என்னும் பொருள் சுரக்க, உயிரணு பன்மடங்காகப் பெருகித் தாக்கப் புறப்படுகிறது. முதற் செய்தி மட்டும் வந்தாலோ, அது செயலற்றுச் சோர்ந்துவிடுகிறது. பின்னர் அழைத்தாலும் எளிதில் எழுவதில்லை. உடலின் சகிப்புத் தன்மைக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி மாற்றுறுப்பின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதன் அடையாள வேறுபாடு முதற் செய்தியைத் தருகிறது. அறுத்தெடுக்கும்போதும், குருதியோட்டமின்றிக் காத்திருக்கும்போதும் அதன் திசு காயமுறுகிறது. அக்காயம் இரண்டாம் செய்திக்கு வழி வகுக்கிறது. உயிர் காக்க வந்த உறுப்பு பகையாகத் தோன்றிவிடுகிறது.

மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்த சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து, கால்சினியூரினைத் தடுக்கிறது. 1983இல் அமெரிக்காவில் அதற்கு இசைவு கிடைத்தபின், உறுப்பு மாற்று மருத்துவம் பெரிதும் பரவியது. ஆனால் இம்மருந்துக்கு நண்பர், பகைவர் என்னும் வேற்றுமை தெரியாது. உறுப்பைத் தாக்கும் உயிரணுவையும் அடக்கும். கிருமியைத் தாக்கும் உயிரணுவையும் அடக்கும். நீண்ட நாள் உட்கொண்டால் சிறுநீரகத்தையே கெடுக்கவும் கூடும். 2011இல் இசைவு பெற்ற பெலாடசெப்ட் என்னும் மருந்து, இரண்டாம் செய்தியை மட்டும் மறிக்கிறது. சிறுநீரகத்தின் செயல் அதனால் நன்கு காக்கப்படுகிறது. எனினும் தொடக்கக் காலத்தில் உறுப்பை உடல் எதிர்ப்பது சற்று மிகுதி. மருந்தை விட்டால் உறுப்பு அழியும். உட்கொண்டால் தொற்று நோய்க்கும் சிலவகைப் புற்றுநோய்க்கும் அஞ்சவேண்டும். இந்த இரண்டு அச்சங்களுக்கு இடையேதான் நோயாளியின் வாழ்நாள் நடக்கிறது.

படையை அடக்குவதற்கு மாறாக, அதற்குப் பொறுமையைக் கற்பிக்க இயலுமா? இயலும் என்று 1953லேயே மெடவரும் அவர் துணைவர்களும் காட்டினர். பிறவாத எலிக் குஞ்சுக்கு வேறோர் இன எலியின் உயிரணுக்களைச் செலுத்தினார்கள்; வளர்ந்தபின் அக்குஞ்சு அவ்வினத்தின் தோலை மருந்தின்றியே ஏற்றது. ஏனைய டி உயிரணுக்களைக் கட்டுப்படுத்தும் தனிவகை டி உயிரணுக்கள் உண்டென்பதை 1995இல் ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி மெய்ப்பித்தார். அவருக்கும், மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இவ்வமைதிக் காவலரைப் பெருக்கி நோயாளிக்கே செலுத்தும் சோதனைகள் நடைபெறுகின்றன.

எலிக் குஞ்சு கற்ற பாடத்தை வளர்ந்த மனிதனின் உடலுக்குக் கற்பிப்பதே எஞ்சியுள்ள பணி. மாணவர்களே, உங்களில் சிலர் கைகளுக்கும் இப்பணி வந்து சேரும் என்று நம்புகிறேன்.