பொறியியல் படிப்பு: முன்பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர்கள் அறிய வேண்டியவை



பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் பெற்றோர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பிள்ளையை இன்ஜினீயரிங் சேர்க்கணும், எந்தக் காலேஜ் நல்லது?" என்பதுதான். நாங்கள் பதிலுக்குக் கேட்பது, "எந்த வழியில் சேர்க்கப் போகிறீர்கள்?" என்று. பொறியியல் கல்லூரியில் சேர ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு என்பதும், நம் பிள்ளைகளுக்கு உள்ள சலுகைகள் அவற்றில் ஒரு வழியில் மட்டுமே கிடைக்கும் என்பதும் பல வீடுகளில் தெரிவதில்லை. தெரிய வரும்போது முன்பணம் கட்டியாகி விடுகிறது. அதனால்தான் இந்த விளக்கம்.

ஒரே ரயில் பாதை, வெவ்வேறு வாசல்கள்

கிண்டியிலிருந்து செங்கல்பட்டு செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் தமிழ்நாட்டின் பெயர் பெற்ற பொறியியல் கல்வி நிலையங்கள் வரிசையாக வரும். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி முதலாவது. குரோம்பேட்டையில் 1949-ல் தொடங்கப்பட்ட எம்.ஐ.டி. அடுத்தது. இவை இரண்டும் அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள். வண்டலூரில் பி.எஸ்.அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984-ல் தொடங்கிய கிரசென்ட் இருக்கிறது. பொத்தேரி நிலையத்தில் இறங்கினால், 1985-ல் எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய நம் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். வளாகம். கிரசென்டும் எஸ்.ஆர்.எம்.மும் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். இவை தவிர, அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற சுயநிதிக் கல்லூரிகள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு.

எல்லாவற்றிலும் படிப்பு நான்கு ஆண்டுகள், எட்டு செமஸ்டர்கள்தான். ஓரிடத்தில் பி.இ. என்பார்கள், இன்னோரிடத்தில் பி.டெக். என்பார்கள். வேலைக்கோ மேற்படிப்புக்கோ இரண்டுக்கும் மதிப்பில் வேறுபாடு இல்லை. சேரும் முறையும் செலவும்தான் வேறு.

நிகர்நிலைப் பல்கலைக்கழக வாசல்

எஸ்.ஆர்.எம். 2002-ல் நிகர்நிலைத் தகுதி பெற்றது. நிகர்நிலை என்றால் பாடத்திட்டத்தை அதுவே வகுக்கும், தேர்வை அதுவே நடத்தும், பட்டத்தையும் அதுவே வழங்கும். மாணவர் சேர்க்கையும் அதன் சொந்த நுழைவுத் தேர்வு மூலம் நடக்கிறது. கணினி அறிவியல், செயற்கை நுண்ணறிவு, எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், சிவில் ஆகியவற்றோடு விண்வெளிப் பொறியியல், மெகட்ரானிக்ஸ், உயிரித் தொழில்நுட்பம், நானோ தொழில்நுட்பம் எனப் பல பிரிவுகள் அங்கே உண்டு. ஆய்வகங்கள், நூலகம், நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த சக மாணவர்கள் என்று சிறப்புகள் பல. நுழைவுத் தேர்வில் உயர்ந்த இடம் பெறுவோருக்குக் கட்டணச் சலுகையும் தருகிறார்கள். நல்ல மதிப்பெண்ணும் வசதியும் உள்ள குடும்பம் அங்கே சேர்ப்பதில் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் பெற்றோர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு அரசின் பொறியியல் கலந்தாய்வில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இடம்பெறுவதில்லை. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீடு, முதல் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு ஆகிய மூன்றும் கலந்தாய்வோடு இணைந்தவை. நிகர்நிலையில் சேர்ந்த பிறகு இவற்றைக் கேட்க முடியாது. கணினி சார்ந்த பிரிவுகளில் கட்டணமும் ஆண்டுக்கு லட்சங்களில்தான் வரும்.

கலந்தாய்வு வாசல்

அரசுக் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. அது 2007 முதல் நீக்கப்பட்டு, பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே பார்க்கப்படுகிறது. கணக்கு மதிப்பெண்ணை அப்படியே 100-க்கும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைப் பாதியாக்கி 50, 50-க்கும் எடுத்து, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுவார்கள். கணக்கில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 பெற்ற பிள்ளைக்கு 90, 40, 42 சேர்த்து 172 வரும்.

அரசுக் கல்லூரிகளும் கிண்டி, எம்.ஐ.டி. போன்ற பல்கலைக்கழக வளாகங்களும் இந்தக் கலந்தாய்வில் வருகின்றன. சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மையினர் நடத்தும் சுயநிதிக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் அரசு ஒதுக்கீட்டுக்குத் தருகின்றன. மீதம் உள்ளவை நிர்வாக ஒதுக்கீட்டு இடங்கள். ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் அரசு ஒதுக்கீட்டுக் கட்டணமும் மற்றவர் நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணமும் கட்டுவது இதனால்தான்.

விருப்பப் பட்டியல் போடும்போது பலர் "கிடைக்காத கல்லூரியை எதற்கு எழுத வேண்டும்?" என்று விட்டுவிடுகிறார்கள். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தை ஒதுக்கும். மேலே எழுதிய கல்லூரி கிடைக்காவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை, அடுத்ததற்குப் போகும். ஆகவே எது அதிகம் விருப்பமோ அதை மேலே எழுதுங்கள். எது எளிதில் கிடைக்கும் என்று பார்த்து வரிசைப்படுத்த வேண்டாம்.

நம் பிள்ளைகளுக்கு உள்ள மூன்று உரிமைகள்

முதலாவது, 3.5 சதவீதம். 2007-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு இது தனியாக உண்டு. 60 இடங்கள் உள்ள ஒரு பிரிவில் ஏறத்தாழ 2 இடங்கள் என்று கொள்ளலாம். பொதுப்பிரிவு இடங்களிலும் நம் பிள்ளைகள் மதிப்பெண் அடிப்படையில் போட்டியிடலாம். அன்சார், தக்னி முஸ்லிம், துதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளா, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவினர் இந்தப் பட்டியலில் வருகிறார்கள். சான்றிதழில் 'முஸ்லிம்' என்று மட்டும் இருந்தால் போதாது, இந்தப் பிரிவுகளில் ஒன்றின் பெயர் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத பிரிவினர் பொதுப்பிரிவிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, முதல் பட்டதாரிச் சலுகை. தாத்தா பாட்டி, தாய் தந்தை, உடன்பிறந்தோர் என்று வீட்டில் ஒருவரும் பட்டம் பெறவில்லை என்றால் கலந்தாய்வு மூலம் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. சுயநிதிக் கல்லூரியில் இது ஆண்டுக்கு ரூ.25,000 அளவுக்கு வரும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால், மூத்த பிள்ளைக்குப் பயன்படுத்துவதா இளைய பிள்ளைக்கு வைப்பதா என்று குழம்புகிறார்கள். மூத்தவர் பட்டம் பெற்றுவிட்டால் இளையவர் முதல் பட்டதாரி ஆக மாட்டார். வைத்திருந்து பயனில்லை, மூத்தவருக்கே வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது, 7.5 சதவீதம். 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் இது வந்தது. இதில் சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் அனைத்தையும் அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் சேரா. நம் சமுதாயத்தினர் நடத்தும் பள்ளிகளில் பல உதவி பெறும் பள்ளிகள் என்பதால், "அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்தானே, அரசுப் பள்ளிதானே" என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். முன்கூட்டியே பள்ளியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

2017-ல் கட்டண நிர்ணயக் குழு சுயநிதிக் கல்லூரிகளுக்கு விதித்த ஆண்டுக் கட்டணம் இது: அரசு ஒதுக்கீட்டில் ரூ.50,000, தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு ரூ.55,000, நிர்வாக ஒதுக்கீட்டில் ரூ.85,000, அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு ரூ.87,000. சேரும் ஆண்டில் நடப்பில் உள்ள தொகையைக் கலந்தாய்வுக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தொகைகளை வைத்துப் பார்த்தால், அங்கீகாரம் பெற்ற பிரிவில் நான்கு ஆண்டுக்கு அரசு ஒதுக்கீட்டில் ரூ.2,20,000. முதல் பட்டதாரிச் சலுகையில் ரூ.1,00,000 கழிந்தால் ரூ.1,20,000. அதே பிரிவில் நிர்வாக ஒதுக்கீட்டில் ரூ.3,48,000. பஸ், புத்தகம், தேர்வுக் கட்டணம், விடுதி இவையெல்லாம் தனி.

இந்த வித்தியாசம் நமக்கு வெறும் பண வித்தியாசம் அல்ல. 1,20,000 ரூபாயை நான்கு ஆண்டுகளில் பிரித்துக் கட்டுவதற்கு உறவினர் உதவி, ஜமாஅத்தின் ஜகாத் நிதி, வட்டியில்லாக் கடன் என்று வழி தேட முடியும். ஆண்டுக்கு லட்சங்கள் என்று ஆகும்போது வங்கிக் கடனும் நகை அடகும்தான் மிஞ்சுகிறது. பிள்ளையின் படிப்புக்காக வட்டியில் விழுந்து, வேலை கிடைத்த பிறகும் மீள முடியாமல் தவிக்கும் குடும்பங்களை நாம் எல்லோரும் பார்க்கிறோம். சேரும் வாசலைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அந்த நிலைமையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

1950-களில் ராமேஸ்வரத்திலிருந்து குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர வந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களுக்குக் கட்டணத்துக்குத் தேவைப்பட்டது சுமார் 1,000 ரூபாய். அவருடைய சகோதரி ஸொஹ்ரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அன்று அந்தக் குடும்பத்துக்கு வேறு வழி இல்லை. இன்று அதே எம்.ஐ.டி. கலந்தாய்வில் இருக்கிறது, ஒதுக்கீடும் சலுகையும் இருக்கின்றன. விசாரிக்காமல் விட்டதற்காக நம் வீட்டுப் பெண்களின் நகை அடகுக் கடைக்குப் போகக் கூடாது.

எந்தப் பிரிவு?

இப்போது எல்லோரும் கணினிப் பிரிவையே கேட்கிறார்கள். முதல் ஆண்டில் எந்தப் பிரிவானாலும் கணக்கு, இயற்பியல், வேதியியல், கணினி நிரல், ஆங்கிலம், பொறியியல் வரைபடம் என்று பெரும்பாலும் பொதுப் பாடங்களே வரும். கணக்கில் பிடிப்பு இல்லாத பிள்ளையைப் பெயருக்காகக் கணினிப் பிரிவில் தள்ளினால் முதல் ஆண்டிலேயே அரியர் விழுகிறது.

வேலைச் சந்தையும் ஒரே மாதிரி நிற்பதில்லை. நம் பக்கத்து மறைமலை நகரில் ஃபோர்டு கார் ஆலை இருந்தது. மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படித்தவர்களுக்கு அது கண்ணெதிரே தெரிந்த வேலை. 2022-ல் அங்கே உற்பத்தி நின்றது. ஒரு கம்பெனியையோ ஒரு ஆண்டின் பேச்சையோ நம்பிப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பிள்ளைக்கு எதில் ஆர்வம், எந்தப் பாடத்தில் பலம் என்று பிள்ளையிடமும் பள்ளி ஆசிரியரிடமும் கேளுங்கள். மதிப்பெண் குறைந்தால் மனம் உடைய வேண்டாம். பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்துப் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரும் வழியும் உண்டு.

மகள்களைப் பற்றி ஒரு வார்த்தை. "தூரம்" என்று சொல்லிப் படிப்பை நிறுத்துகிறார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து குரோம்பேட்டைக்கு ஒரே ரயில், வண்டி மாற வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது, பயணச் செலவுக்காவது ஆகும்.

முன்பணம் கேட்டால்

"இன்று கட்டாவிட்டால் சீட் போய்விடும்" என்று சொன்னால் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. இது அரசு ஒதுக்கீடா, நிர்வாக ஒதுக்கீடா, நிகர்நிலையா?
2. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து மொத்தக் கட்டணம் எவ்வளவு? எழுத்தில் தருவீர்களா?
3. இந்தப் பிரிவுக்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதியும் தேசிய அங்கீகாரமும் உண்டா?
4. விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

நான்காவது கேள்விக்கு, பல்கலைக்கழகங்களுக்கு யு.ஜி.சி. 2018-ல் விதித்த முறை இருக்கிறது. அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கைத் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும். அலுவலகச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் ரூ.5,000 மட்டுமே பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், அதற்குப் பின் 15 நாளுக்குள் 80 சதவீதம், 15 முதல் 30 நாளுக்குள் 50 சதவீதம், 30 நாள் தாண்டினால் ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் யு.ஜி.சி. தனித் தேதியும் அறிவித்ததுண்டு. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கவும் கூடாது. இதற்காகவே ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், ஏஜென்ட் கையில் பணம் தராதீர்கள்.

இப்போதே செய்ய வேண்டியது

கலந்தாய்வுப் பதிவு பொதுவாக மே மாதத்தில் தொடங்கும். அப்போது இ-சேவை மையத்தில் கூட்டம் நெரியும். ஆகவே பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போதே சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயர் எழுத்து ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். நம் பெயர்களில் முகமது, முஹம்மத் என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதி வைத்திருப்பதால் வரும் தொல்லை கொஞ்சமல்ல.

பதிவு செய்யவும், விருப்பப் பட்டியல் போடவும் நமது அலுவலகத்தில் உதவுகிறோம். ஜும்ஆ தொழுகைக்குப் பின் சான்றிதழ்களோடு வாருங்கள், பிள்ளையையும் அழைத்து வாருங்கள். ஏற்கெனவே எங்காவது பணம் கட்டியிருந்தாலும் ரசீதை எடுத்து வாருங்கள், தேதி தாண்டுவதற்குள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.