தரைத்தளத்தில் யாருக்கு இடம்?

மயிலாப்பூர் பொன்னம்பல வாத்தியார் தெருவில் உள்ள ஓர் உணவுக்கடையை ஊரார் 'ஜன்னல் கடை' என்றே அழைக்கின்றனர். பழைய வீடொன்றின் ஜன்னல் வழியே இட்லி, பொங்கல், பஜ்ஜி எல்லாம் வெளியே வரும். வாங்கியவர்கள் தெருவில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுச் செல்வார்கள். அதன் சுவையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது அந்த ஜன்னலைப் பற்றி.

வீட்டுச் சுவர் தெருவைத் தொட்டு நிற்பதால்தான் அந்த வணிகம் நடக்கிறது. கோயிலின் மாட வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகள் பலவும் அவ்வாறு கட்டப்பட்டவையே. குடும்பம் உள்ளே வசிக்க, திண்ணையை ஒட்டிய முன்னறை ஒரு மெஸ்ஸாகவோ காபிப்பொடிக் கடையாகவோ மாற முடிந்தது. தனியாக ஒரு வணிகக் கட்டடம் தேவைப்படவில்லை.

அதே தெருக்களில் இன்று எழும் கட்டடங்கள் வேறு வகை. முதலில் மதில், பிறகு இரும்புக் கதவு, காவலாளி, அதற்குப் பின்னால் தூண்களுக்கிடையே வரிசையாகக் கார்கள். மனிதர்கள் பத்தடி உயரத்தில்தான் வசிக்கத் தொடங்குகிறார்கள். இத்தகைய ஒரு தெருவில் நடப்பவருக்கு, ஒரு குவளை காபி கிடைக்கும் இடம்கூடத் தென்படுவதில்லை.

இதைக் குறையாகச் சொல்லும் தகுதி எனக்கு எந்த அளவுக்கு உண்டு என்பது ஐயத்துக்குரியது. எங்கள் அடுக்ககம் 1970-களில் கட்டப்பட்டது, எட்டு வீடுகள். தரைத்தளத்தின் முன்பகுதி அனைவருக்கும் பொதுவானது. அங்கே நெடுங்காலமாக ஒரு சிற்றுண்டிக் கடை நடக்கிறது. வாடகை பராமரிப்பு நிதிக்குச் செல்கிறது. காலை ஆறு மணிக்குத் திறக்கும் அந்தக் கடைக்கு, தனியே வாழும் முதியவர்கள், பக்கத்து விடுதி இளைஞர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் எனப் பலரும் வருவார்கள். ஒரு கட்டுமான நிறுவனம், பழைய கட்டடத்தை இடித்துவிட்டு ஒவ்வொருவருக்கும் பெரிய வீடும் மின்தூக்கியும் கார் நிறுத்துமிடமும் தருவதாகக் கூறியது. எட்டுப் பேரும் கையொப்பமிட்டோம். என்னிடம் கார் இல்லை. எனினும் எனக்கும் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

வரைபடத்தைப் பார்த்தபோதுதான் கடை இல்லாததைக் கவனித்தேன். கட்டட வடிவமைப்பாளர் ஒரே வாக்கியத்தில் விளக்கினார்: "கடை வைத்தால் அது தளப்பரப்புக் கணக்கில் வரும் சார், கார் நிறுத்தினால் வராது."

அவர் சொன்னது சரியே. ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதை முடிவு செய்வது தளப்பரப்புக் குறியீடு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இல் உயரமற்ற கட்டடங்களுக்கு அதனை 2 என நிர்ணயித்தன. அதாவது, 2,400 சதுர அடி மனையில் 4,800 சதுர அடி கட்டலாம். தூண்களுக்கிடையே கார் நிறுத்தும் தரைத்தளம் இந்தக் கணக்கில் சேராது. அதே இடத்தில் 300 சதுர அடிக் கடை வைத்தால், மேலே விற்கக்கூடிய வீட்டுப் பரப்பில் 300 சதுர அடி குறையும். மயிலாப்பூர் நிலவிலையில் எந்த நிறுவனம் அதற்கு இசையும்? விதியை எழுதியவர்கள் உணவகத்துக்கு எதிரிகள் அல்லர். தெருவில் நிற்கும் கார்களை உள்ளே கொண்டுவர நினைத்தார்கள். அந்தச் சலுகையின் விலையைத் தரைத்தளக் கடை கொடுக்கிறது.

அடுத்தது வாடகை. தானிய விலை உயர்வதால்தான் நிலக்குத்தகை உயர்கிறது, குத்தகையால் தானிய விலை உயர்வதில்லை என்பது ரிக்கார்டோவின் வாதம். பல ஆண்டுகள் வகுப்பறையில் இதை நான் விளக்கியிருக்கிறேன். இட்லிக்கு இதைப் பொருத்திப் பார்க்கும்போது சிக்கல் எழுகிறது. நகரத்தில் ஒரே இடத்துக்கு வங்கியும் நகைக்கடையும் கைப்பேசிக் கடையும் போட்டியிடுகின்றன. அவை தரக்கூடிய வாடகையை, அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு காபி குடிப்பவரும் ஈட்டித் தர வேண்டியிருக்கிறது.

இதன் மேல் வரி. 2017 நவம்பர் 15 முதல் உணவகங்களுக்குப் பொதுவாக 5% ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. சாப்பிடுபவருக்கு இது நன்மைதான். ஆனால், அத்துடன் உள்ளீட்டு வரிக் கழிவு நீக்கப்பட்டது. வணிக இட வாடகைக்கு 18% வரி. மாத வாடகை ரூ.1 லட்சம் எனில் ரூ.18,000 வரி; வேறு வணிகர் தாம் செலுத்த வேண்டிய வரியில் இதைக் கழித்துக்கொள்வார். உணவக உரிமையாளரோ இதைச் செலவாகவே ஏற்க வேண்டும். வாடகை உயர உயர இந்தச் சுமையும் உயரும். பண்டத்தின் விலைப்பட்டியலில் இது தெரிவதில்லை.

பெரிய வணிகக் கட்டடங்களில் உணவு மேல்தளத்துக்குப் போய்விட்டது. கண்ணாடிச் சுவர், திறக்க முடியாத ஜன்னல், பகல் முழுவதும் குளிர்சாதனம். சென்னை வெயிலில் கண்ணாடிப் பெட்டி கட்டிவிட்டு அதைக் குளிரூட்டும் மின் செலவைத் தோசையின் விலையில் சேர்ப்பது என்ன பொருளாதாரமோ, எனக்கு விளங்கவில்லை. உயர்ந்த கூரையும் காற்றோட்டத் துளைகளும் கொண்ட பழைய கூடங்களில் ஒரு மின்விசிறி போதுமானதாக இருந்தது.

ஏழைகளின் உணவு பொதுவசதி என்பதை 2013-இல் தொடங்கிய அம்மா உணவகங்கள் மூலம் அரசு ஏற்றுக்கொண்டது. வசதி படைத்தவர்களுக்கு வணிக வளாகங்கள் இருக்கின்றன. இடையில் இருப்பவர்களின் உணவகத்துக்குத்தான் திட்டத்தில் இடமில்லை. சிங்கப்பூர் தெருவோர வியாபாரிகளை அகற்றியபோது, அவர்களுக்கென உணவங்காடி நிலையங்களை அரசே கட்டியது. இன்று அவை நூற்றுக்கும் மேல். நமக்கு அவ்வளவு பெரிய செலவும் தேவையில்லை. தெருவைப் பார்த்த 300 சதுர அடி வரையிலான கடைப்பகுதியை, கார் நிறுத்துமிடத்தைப் போலவே, தளப்பரப்புக் கணக்கிலிருந்து விலக்கலாம். அதில் உணவகமோ மளிகையோ மட்டுமே நடத்த வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். வாடகை மீதான வரிக் கழிவை மட்டுமாவது சிறு உணவகங்களுக்குத் திருப்பித் தரலாம்.

எங்கள் உரிமையாளர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினேன். புகை, எலி, எண்ணெய்ப் பிசுக்கால் அடைபடும் கழிவுநீர்க் குழாய், வாசலை மறிக்கும் இருசக்கர வாகனங்கள் என்று மற்றவர்கள் அடுக்கினார்கள். அவற்றில் எதுவும் பொய்யில்லை. தனிக் கழிவுநீர் இணைப்பும் புகைபோக்கியும் வரைபடத்திலேயே சேர்க்கலாம் என்றேன். அதற்கான செலவு யாருடையது என்று கேட்டார்கள். வாக்கெடுப்பில் என் யோசனைக்கு மூன்று பேர் ஆதரவு. ஐந்து பேர் எதிர்ப்பு.

கடைக்காரரிடம் செய்தி சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. "பொங்கல் வரைக்கும் நேரம் கிடைக்குமா சார்?" என்று மட்டும் கேட்டார். கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.