“டீச்சர், வெளிய போகணும்”



ஒரே பீரியடில் ஒரு பிள்ளை மூணு தடவை “வெளிய போகணும்”னு கேட்டால் வகுப்பே சிரிக்கும். “படிக்கச் சோம்பல், சாக்கு சொல்லுது”ன்னு வீட்டில் நாமும் திட்டுவோம். பிள்ளை வெட்கத்தில் வாயைத் திறக்காது. கொஞ்ச நாளில் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடும். வயசுக்கு வந்த பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

சில பிள்ளைகளுக்கு இது சோம்பல் இல்லை, நாள்பட்ட குடல் நோய். குரோன் நோய், பெருங்குடல் புண் நோய் என்று இரண்டு வகை உண்டு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்கிவிடும். சில மாதம் அடங்கியிருக்கும், மறுபடி கிளம்பும். இது ஒட்டுவாரொட்டி அல்ல.

எப்போது சந்தேகப்படணும்?

நாலு வாரத்துக்கு மேல் பேதி, மலத்தில் ரத்தம், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுவது, எடை குறைவது, வயசுக்கேற்ற வளர்த்தி இல்லாதது. பூச்சி மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள். குடல் டிபியும் இதே மாதிரி தெரியும். ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பெரியாஸ்பத்திரியில் காட்டித்தான் உறுதி செய்யணும்.

நர்சம்மாவிடம் என்ன சொல்லணும்?

நம் கிராமப் பள்ளிகளில் பெரும்பாலும் தனி நர்ஸ் இல்லை. ஊர் சுகாதார நர்ஸும், பள்ளிக்குப் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவும்தான். இந்த நோயுள்ள பிள்ளையை அவர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் டாக்டர் சீட்டைக் காட்டி, டீச்சரையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்:

1. கேட்டதும், காரணம் கேட்காமல் வெளியே விடணும். பரீட்சை நேரத்திலும்தான். தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை வேணும்.

2. வலிக்கு புரூஃபென், டைக்ளோஃபினாக் மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. நோயைக் கிளறிவிடலாம்.

3. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு, தட்டம்மை-ரூபெல்லா போன்ற சில தடுப்பூசிகள் ஆகாது. ஊசிக்கு முன்பே சொல்லிவிடணும்.

4. “நல்லாயிடுச்சு”ன்னு ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ஆபத்து.

5. தாங்க முடியாத வலி, வயிறு உப்பல், அதிக ரத்தப்போக்கு என்றால் உடனே 108.

சகோதரிகளே, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் இந்தப் பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே படிக்கலாம், விளையாடலாம், வேலைக்கும் போகலாம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் உறுப்பினர் கழிப்பறை விஷயத்தைக் கையில் எடுக்கட்டும். வெட்கத்தால் ஒரு பிள்ளையின் படிப்பும் நிற்கக் கூடாது.