வாயில்மனை: கட்டடச் சொல்லொன்றின் மொழிபெயர்ப்புச் சிக்கல்

0. முன்னுரை

தமிழில் 'லாட்ஜ்' என்னும் கடன்சொல் வாடகைக்கு அறை தரும் தங்கும் விடுதியைக் குறிப்பதாக நிலைபெற்றுவிட்டது. ஆனால், ஆங்கிலப் புதினங்களில் நிலக்கிழார் மாளிகையைப் பற்றிய பகுதிகளில் இச்சொல் வரும்போது, அது வளாக வாயிலை ஒட்டிய காவலர் வீட்டையே பெரும்பாலும் சுட்டும். வடிவம் ஒன்றாக இருப்பதால் மொழிபெயர்ப்பாளர் எளிதில் இடறுகின்றனர். இக்கட்டுரை அக்கட்டடத்தின் அமைப்பையும் பயனையும் விளக்கி, அதற்கேற்ற தமிழ்ச்சொல்லை வரையறுக்க முயல்கிறது.

1. சொல் வரலாறு

பழைய பிரெஞ்சு மொழியில் 'லோஜ்' என்பது தழைப்பந்தலையும் குடிலையும் குறித்தது. ஆங்கிலத்தில் அது வேட்டைக்காலத்தில் தங்கும் காட்டு வீட்டிற்கும், பின்னர் வளாக நுழைவாயிலில் உள்ள காவலர் வீட்டிற்கும் பெயராயிற்று. தங்குதல் என்னும் பொதுப்பொருளே இந்தியாவில் விடுதிப் பொருளாக வளர்ந்தது எனலாம்.

2. கட்டட அமைப்பு

இடைக்காலக் கோட்டைகளிலும் பெருமனைகளிலும் வாயிலின் மேலேயே அறைகள் அமைந்தன. அக்கட்டடத்தின் முதன்மை நோக்கம் பாதுகாப்பு. 18-ஆம் நூற்றாண்டில் மாளிகையைச் சுற்றிப் பரந்த புல்வெளிகளும் மரத்தோப்புகளும் ஒரே வளாகமாக்கப்பட்டபோது, வாயில் மாளிகையிலிருந்து நெடுந்தொலைவு விலகிச் சாலையோரத்திற்கு வந்தது. அங்கு அரணைக் காட்டிலும் தோற்றமே முதன்மை பெற்றது.

இலண்டனுக்கு மேற்கே சையன் மாளிகைக்கு ராபர்ட் ஆடம் வடிவமைத்த சிங்கவாயில் இதற்குத் தக்க சான்றாகும். நடுவில் வளைவு, அதன் உச்சியில் பெர்சி குடும்பத்தின் சின்னமான சிங்கம், இருபுறமும் வெளி தெரியும் தூண் வரிசை, இரு முனைகளிலும் ஒவ்வொரு சிறு வீடு. இதன் நுண்வேலைப்பாட்டை ஹொரேஸ் வால்போல் 1773-இல் எழுதிய மடலொன்றில் சரிகைப் பின்னலோடு ஒப்பிட்டு எள்ளினார்.

இத்தகைய இரட்டை வீடுகள் சமச்சீர் கருதி எழுந்தவை. வெளிப்புறம் உரோமானியப் பெருமிதம் காட்டினும், உள்ளே பெரும்பாலும் ஓரிரு சிற்றறைகளே இருக்கும். ஒரே குடும்பம் சாலையின் ஒருபுறம் சமைத்து மறுபுறம் உறங்க நேர்ந்ததும் உண்டு. கணவர் வளாகத்தில் தோட்டவேலை பார்க்க, வண்டியின் ஓசை கேட்டதும் ஓடிவந்து கதவைத் திறப்பவர் பலவிடங்களில் மனைவியே ஆவார். எனவே, இக்கட்டடம் அழகுப்பொருள் மட்டுமன்று; உழைப்பவர் குடியிருந்த வீடுமாகும்.

3. மொழிபெயர்ப்பில் விளைவு

ஜேன் ஆஸ்டினின் 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' (1813) புதினத்தில் எலிசபெத் பெம்பர்லி வளாகத்தினுள் நுழைவது இவ்வீட்டருகேதான். வண்டி அதன்பின் தோப்பினூடே அரை மைல் ஏறிய பிறகே மாளிகை கண்ணுக்குப் புலனாகிறது. அதே பகுதியில் அவள் லாம்டன் ஊரின் உண்மையான விடுதியொன்றில் தங்கியிருக்கிறாள் என்பது கருதத்தக்கது. இரண்டிற்கும் 'விடுதி' என்றே எழுதினால், அவள் ஒரு விடுதியிலிருந்து மற்றொரு விடுதிக்குச் சென்றதாகப் பொருள்படும். எல்லையைக் கடக்கும் அவளது நெஞ்சப் படபடப்பும் காரணமற்றதாகிவிடும்.

'நார்த்தாங்கர் அபே' புதினத்தில் கேதரின் பழங்காலக் கருங்கல் மதில்களை எதிர்பார்த்து வருகிறாள். புதுப்பாணியில் அமைந்த இத்தகைய வீடுகளுக்கிடையே எளிதாக உள்ளே நுழைந்துவிடுகிறாள். இங்கு நகைச்சுவை முழுவதும் கட்டடத்தின் தோற்றத்தையே சார்ந்துள்ளது.

4. சொற்பரிந்துரை

'கோபுரம்' கோயிலை நினைவூட்டும். 'காவற்சாவடி' குடியிருப்பைச் சுட்டாது. எனவே, வாயிலை ஒட்டிய வீட்டை 'வாயில்மனை' எனலாம். வாயிலின் மேல் அறைகள் கொண்ட பழைய கட்டடத்தை 'வாயில்மாடம்' என்றும், வளைவை மட்டும் 'தோரணவாயில்' என்றும், பெருங்கதவினுள் அமைந்த சிறுகதவை வழக்கிலுள்ள 'திட்டிவாசல்' என்றும் வேறுபடுத்தலாம். இரட்டை வீடுகளாயின் பன்மை விகுதியைக் கைவிடலாகாது. அதில் சமச்சீர் அமைப்பின் குறிப்பு அடங்கியுள்ளது.

5. முடிவுரை

அகராதி தரும் பொருள்களுள் எதைக் கொள்வது என்பதைக் கட்டடமே முடிவு செய்கிறது. யார் அங்கு வாழ்ந்தார், யாருக்காகக் கதவைத் திறந்தார் என்பதை அறிந்த மொழிபெயர்ப்பாளரே அச்சொல்லைப் பிழையின்றிப் பெயர்க்க இயலும்.