தாய்மையும் ஒரு நரம்பு நோயும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயின் பெயரை நம் குடும்பங்களுள் பல கேள்வியுற்றிரா. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே நெறி தவறி, மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மயலின் உறையை அரிப்பதே இந்நோய். பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். பலருக்குச் சில வாரங்களில் தணிந்து, பின்னர் மீண்டும் தாக்கும். 1433-இல் மரித்த ஹாலந்து நாட்டுப் புனித லிட்வினா நெடுங்காலம் படுக்கையில் அனுபவித்த பிணி இதுவே எனக் கருதுவோரும் உளர்.

ஆடவரினும் பெண்டிரே இதற்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக ஆளாகின்றனர். பருவமடையுமுன் நோயுற்ற சிறாரிடையே இவ்வேறுபாடு ஏறக்குறைய இல்லை, பின்னரே தோன்றுகிறது. ஆகவே பாலின ஹார்மோன்களுக்கு இதில் பங்குண்டென அறிஞர் கருதினர்.

கருவுற்றால் நோய் முற்றும் என்றஞ்சி, முற்காலத்தில் மருத்துவர்களே இப்பெண்களைத் தாய்மையினின்று தடுத்தனர். 1998-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு அவ்வச்சத்தைத் தகர்த்தது. 12 நாடுகளைச் சேர்ந்த 254 பெண்களைக் கருவுற்றிருந்த காலத்திலும் பேறுகாலத்திற்குப் பின்னும் கவனித்தனர். பேறுகாலத்திற்கு முந்திய மூன்று மாதங்களில் நோயின் தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன; குழந்தை பிறந்தபின் முதல் மூன்று மாதங்களில் மிகுந்தன; பிறகு பழைய நிலைக்குத் திரும்பின. காரணம் வியப்பிற்குரியது. தந்தையின் கூறும் கலந்த சிசுவை அயற்பொருளெனத் தள்ளிவிடாதபடி தாயின் எதிர்ப்பாற்றல் அக்காலத்தில் அமைதியுறுகிறது. நஞ்சுக்கொடியினின்று பெருகும் ஈஸ்ட்ரியால் முதலிய ஹார்மோன்கள் அதற்குத் துணைபுரிகின்றன என்பர். பிரசவத்தோடு அவை சட்டென வீழ்ந்துவிடுகின்றன. ஈஸ்ட்ரியாலையே மருந்தாக்கி அமெரிக்காவில் 164 பெண்களிடம் செய்த சோதனையின் முடிவு 2016-இல் வெளிவந்தது. நம்பிக்கை தந்ததாயினும், அது இன்னும் வழக்கமான சிகிச்சையாகிவிடவில்லை.

நம் நாவலூர்ப் பக்கத்துக் கணினி நிறுவனங்களில் பணிபுரியும் இளந்தம்பதியருள் பலர் தென்மாவட்டத்தார். தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீடு அனுப்பி, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அழைத்துவருகிறோம். கவனம் மிக வேண்டிய அம்மூன்று மாதங்களில்தான் அவள் தன் நரம்பியல் மருத்துவரை விட்டுத் தொலைவில் இருக்கிறாள்! கண் மங்கினாலும் கால் தளர்ந்தாலும், "பிள்ளை பெற்ற களைப்பு" என்று வீட்டார் சொல்லிவிடுவர். அனுப்புமுன்பே அவ்வூருக்கு அண்மையிலுள்ள நரம்பியல் மருத்துவரைக் கண்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இந்நோய்க்கான மருந்துகளுள் சில கருவுக்குத் தீங்கானவை. ஆதலால் குழந்தைப் பேற்றை விரும்புவோர் முன்கூட்டியே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். தாமாக மருந்தை நிறுத்துதல் ஆபத்து. ஓலை வாசிக்குமுன் மணமகனிடம் நோயை மறைத்தலும் தகாது. நோயுற்றவள் தாயாக இயலாதென்று சொல்லி மருமகளைத் திருப்பியனுப்ப நினைக்கும் மாமியார், அந்த 254 பெண்களும் பிள்ளை பெறக் காத்திருந்தவர்களே என்பதை அறியட்டும்.