மண்ணில் நட்டம், பல்லில் பயன்

மாணவர்களே, கேமரன் மலைத் தேயிலைத் தோட்ட மண் அமிலத்தன்மை கொண்டது. உரத்திலுள்ள பாஸ்பேட்டை அம்மண்ணின் இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்துக்கொள்வதால், வேருக்குக் கிடைப்பது கொஞ்சமே.

தோட்டத்துக்கு நட்டமான இதே பிடிப்பு வேதியியலாளருக்கு உதவுகிறது. பாஸ்பரஸ் அமிலத் தொகுதிகள் கொண்ட பாலிமர், அதாவது சிறு மூலக்கூறுகள் கோத்த சங்கிலி, உலோகத்தையும் பல்லின் கால்சியத்தையும் பற்றிக்கொள்ளும். துருத் தடுப்புப் பூச்சுக்கும் பல் மருத்துவப் பசைக்கும் இப்பண்பு ஏற்றது.

சங்கிலியை வளர்ப்பது இணையில்லா எலக்ட்ரானுடைய ‘ராடிக்கல்’. கட்டுப்பாடின்றி விட்டால் சில சங்கிலிகள் நீளும், சில பாதியில் நிற்கும். 1998-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அறிவித்த ‘ராஃப்ட்’ முறையில், கந்தகச் சேர்மம் ஒன்று சங்கிலிகளை மாறி மாறி உறங்கவைத்து எழுப்புகிறது. கவ்வாத்து செய்த தேயிலைச் செடிகள்போல் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் வளரும். அளவு ஒன்றானால், பொருளின் குணத்தையும் முன்கூட்டியே திட்டமிடலாம்.