பெயருக்குப் பதிலாக ஓர் அம்பு

உகியோ-எ எனப்படும் ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களில் கேத்தல், முகக்கண்ணாடி, துவாய், கீரைக்கட்டு என்று வீட்டுச் சாமான்கள் நிறையக் கிடக்கும். அலங்காரம்தானே என்று நாம் தாண்டிப் போய்விடுவோம். எடோ நகரத்துச் சனங்கள் அப்படிப் போகவில்லை, அவற்றை வாசித்தார்கள்.

சுசுகி ஹருநொபு 1766 அளவில் வரைந்த 'அறைக்குள் எட்டுக் காட்சிகள்' தொடரைப் பாருங்கள். சீனத்தின் சியாவோ, சியாங் ஆற்றங்கரைகளின் எட்டுக் காட்சிகள் ஓவியர்களிடையே புகழ்பெற்றவை. அவற்றை ஹருநொபு வீட்டுக்குள்ளே கொண்டுவந்தார். வட்டக் கண்ணாடி இலையுதிர்கால நிலவாகிறது. கேத்தலில் தண்ணி கொதிக்கிற சத்தம் இரவு மழையாகிறது. தொங்குகிற துவாய், கரை திரும்பும் பாய்மரமாகிறது.

இது ரசிகர்களின் விளையாட்டு. தடை இருந்த இடத்திலோ இதே பழக்கம் வேறொரு வேலையைச் செய்தது.

அன்று நாட்காட்டி அச்சிட அரச அனுமதி வேண்டும். பிறைக் கணக்கு மாதங்களில் எது 30 நாள், எது 29 நாள் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். அது எல்லாருக்கும் தேவையான விஷயம். 1765இல் ஹருநொபு, திடீர் மழையில் ஒரு பெண் கொடியிலிருந்து உடுப்பு எடுக்க ஓடுவதை வரைந்தார். அந்த உடுப்பின் பூவேலைக்குள் அவ்வருடத்தின் பெயரும் 30 நாள் மாதங்களின் எண்களும் ஒளிந்திருக்கின்றன.

பிறகு கெடுபிடி கூடியது. கணிகையர் தவிர்ந்த பெண்களின் பெயரைப் படத்தில் போடக் கூடாதென்று 1793இல் உத்தரவு வந்தது. நாநிவாயா தேநீர்க் கடையில் வேலை செய்த ஒகிதாவை நகரமே அறியும். பெயர் எழுதத்தான் வழியில்லை. கிதகாவா உதமாரோ படத்தின் மூலையில் சின்னச் சின்னச் சித்திரங்கள் வைத்தார்: இரண்டு கட்டுக் கீரை, அம்பு, கடல், வயல். கீரை 'நா', இரண்டு கட்டு 'நிவா', அம்பு 'யா', கரைக்கு அப்பாலான கடல் 'ஒகி', வயல் 'தா'. சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், அவள் பெயர் வரும். 1796இல் இந்தச் சித்திரப் புதிருக்கும் தடை வந்தது.

ஆகவே அம்பு என்றால் வீரம், நிலவு என்றால் பிரிவு என்று அகராதி வைத்து இப்படங்களை வாசிக்க ஏலாது. இன்னொரு படத்தில் அதே அம்பு வெறும் அம்புதான். பொருளின் பெயர் அவர்கள் காதில் எப்படி ஒலித்தது, அந்த வருடம் எதைச் சொல்ல விடவில்லை என்ற இரண்டையும் கேட்டுப் பார்த்தால்தான் கீரைக்கட்டுக்கும் அர்த்தம் விளங்கும்.